புளியிலை

புளியமரத்தின் இலை. கொழுந்தாக இருக்கையில் சமையலுக்கும் முற்றியபின் ஒத்தடத்துக்கும் உதவுவது. மரத்துக்கு 1753இல் டாமரிண்டஸ் இண்டிகா என்று பெயரிட்ட லின்னேயஸ் அதை இந்தியாவோடு சேர்த்துவிட்டார். பிறப்பிடம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பதே இன்று பெரும்பாலான தாவரவியலாளர் கருத்து.

ஆனால் வந்து வெகுகாலமாகிவிட்டது. கங்கைச் சமவெளியில் நர்ஹன் அகழாய்வில் சுமார் கி.மு. 1300ஐச் சேர்ந்த புளியமரக் கரித்துண்டுகள் கிடைத்தன. தொல்காப்பியம் புளிமரத்தின் பெயர்ப் புணர்ச்சிக்குத் தனி நூற்பாவே வகுத்திருக்கிறது. கோவாவில் 1563இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலிலும், 1678இல் வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ முதல் தொகுதியிலும் புளிக்கு இடமுண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், விராலிமலைப் பக்கம் போன்ற மானாவாரிச் சீமைக்கு ஏற்ற மரம் இது, வறட்சியைத் தாங்கும். பழம் உலுக்கி முடிந்ததும், பங்குனி சித்திரையில், செம்மை படர்ந்த வெளிர்பச்சைக் கொழுந்து விடும். அதை ஈர்க்கு நீக்கி உருவி, எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், தேங்காயோடு அரைத்தால் துவையல். தனியாகப் புளி சேர்க்க வேண்டியதில்லை. ஆந்திரத்தில் இதே கொழுந்தைப் பருப்போடு கடைவார்கள். சுளுக்குக்கும் மூட்டு வீக்கத்துக்கும் முற்றிய இலையை வேகவைத்து, துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒற்றுவது நம் ஊர் வழக்கம். ஆப்பிரிக்காவிலும் இலையைக் குழம்பில் போடுகிறார்கள். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கஷாயம் வைக்கிறார்கள்.

புளிப்புக்குக் காரணம் டார்டாரிக், மாலிக் அமிலங்கள். ஓரியன்டின், ஐசோஓரியன்டின், வைடெக்சின், ஐசோவைடெக்சின் ஆகிய ஃபிளேவனாய்டுகளும் இலையில் உள்ளன. சாறு சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும், எலிகளின் ஈரலைக் காப்பதும் ஆய்வகங்களில் தெரிந்தவை. மனிதரிடம் நடந்த ஆய்வோ மிகக் குறைவு. பழத்துக்கு அந்தக் குறை சற்றுத் தீர்ந்திருக்கிறது: ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புளி உண்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. இலைக்கும் இப்படிப்பட்ட ஆய்வு நம் நாட்டிலேயே நடக்க வேண்டும். அதுவரை, ஒத்தடத்தில் கிடைக்கும் சுகத்தில் சூட்டுக்கும் பங்குண்டு என்பதை நினைவில் கொள்ளலாம். மஞ்சள் காமாலைக்கு இலைச்சாற்றை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

நான்குவழிச் சாலைகளுக்காகத் தமிழகத்தில் வெட்டப்பட்ட மரங்களில் புளி ஏராளம். விதை போட்டு வளர்த்தால் காய்ப்புக்கு வரவே ஏழெட்டு ஆண்டாவது ஆகும். வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, வெட்டிய கையோடு, கன்று வைத்தாக வேண்டும்.