மீக்கணினி முன்னோடிப் பொறியாளர்கள்

சூப்பர் கம்ப்யூட்டர் என்று பரவலாக அழைக்கப்படும் மீக்கணினி, தன் காலத்துக் கணினிகளிலேயே அறிவியல் கணக்குகளை மிக வேகமாகப் போடக்கூடியது. 1956 முதல் 1976 வரையிலான இருபது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இயங்கிய சில குழுக்கள் இதற்கு உருக்கொடுத்தன. சீமோர் கிரே, ஸ்டீபன் டன்வெல், டாம் கில்பர்ன், ஜேம்ஸ் தார்ன்டன், ஜீன் அம்தால், டேனியல் ஸ்லாட்னிக், லின் கான்வே ஆகியோர் அக்குழுக்களில் முதன்மையானவர்கள். இந்த வரலாறு பெரும்பாலும் கிரேயின் பெயரிலேயே சொல்லப்படுகிறது. அவருக்குரிய இடம் நியாயமானதுதான். ஆனால் அவருடைய கணினிகள் ஓடியதில், வெப்பத்தையும் கம்பியின் நீளத்தையும் அடக்கியாண்டவர்களின் பங்கு சரிபாதி. அவர்களுடைய பெயர்கள் அரிதாகவே எழுதப்படுகின்றன.

தேவை எங்கிருந்து வந்தது

இவ்வளவு வேகம் முதலில் கேட்டவர்கள் இரு தரப்பினர். ஒரு தரப்பு, அணு ஆயுத ஆய்வுக்கூடங்களான லாஸ் அலமோஸும் லிவர்மோரும். வெடிப்பின் ஒவ்வொரு கணத்தையும் எண்களாக்கிப் பார்க்க அன்றைய கணினிகள் போதவில்லை. மற்றொரு தரப்பு, மறைகுறியீடுகளை உடைக்கும் அமெரிக்கக் கடற்படைப் பிரிவு. இரண்டாம் உலகப் போர் முடிந்து கலைந்துபோகவிருந்த அந்தக் குறியீட்டு நிபுணர்களை வைத்து 1946இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் எஞ்சினியரிங் ரிசர்ச் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் கிளைடர் விமானங்கள் செய்த பழைய தொழிற்சாலைதான் அதன் இடம். அமெரிக்க மீக்கணினித் தொழிலின் வேர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. 1925இல் விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, போரில் வானொலிப் பிரிவில் பணியாற்றி, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் படித்த சீமோர் கிரே வேலைக்குச் சேர்ந்ததும் இங்கேதான்.

ஸ்ட்ரெச்: தோல்வி எனப்பட்ட வெற்றி

ஐபிஎம் நிறுவனம் லாஸ் அலமோஸுக்காக எடுத்த திட்டத்தின் பெயர் ஸ்ட்ரெச். தன்னுடைய 704 கணினியைப் போல நூறு மடங்கு வேகம் வேண்டும் என்பது இலக்கு. டன்வெல் தலைமை தாங்கினார். எரிக் பிளாக், ஜான் காக், ஃபிரெட் புரூக்ஸ், வெர்னர் புக்ஹோல்ஸ் ஆகியோர் குழுவில் இருந்தார்கள். பைட் என்ற சொல்லை இந்தத் திட்டத்தின்போது 1956இல் உருவாக்கியவர் புக்ஹோல்ஸ்.

1961இல் பொறி லாஸ் அலமோஸ் சென்றது. நூறு மடங்கு வேகம் வரவில்லை. ஏறக்குறைய முப்பது மடங்குதான் வந்தது. நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் இளையவர் அதைத் தோல்வி என்றே அறிவித்து, விலையை 1 கோடியே 35 லட்சம் டாலரிலிருந்து 78 லட்சத்துக்கும் கீழே இறக்கினார். அதற்குமேல் புதிய ஆர்டர்கள் எடுக்கப்படவில்லை. டன்வெல் ஓரங்கட்டப்பட்டார்.

ஆனால் ஒரு கட்டளை முடிவதற்குள் அடுத்த கட்டளையைத் தொடங்கிவிடும் முறை, நினைவகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து மாறிமாறி அணுகும் முறை, ஒரு நிரல் இன்னொன்றின் இடத்தில் கைவைக்காதபடி காக்கும் ஏற்பாடு, எட்டு பிட் பைட் என ஸ்ட்ரெச்சில் பழகியவையெல்லாம் 1964இல் வந்த ஐபிஎம் 360 வரிசைக்குள் போயின. நிறுவனத்துக்குப் பெரும் செல்வம் ஈட்டித் தந்த வரிசை அது. தவறை உணர்ந்த வாட்சன், 1966இல் டன்வெலிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, ஐபிஎம் ஃபெல்லோ என்ற மிக உயர்ந்த தகுதியை வழங்கினார். தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு முதலாளி இப்படிச் செய்தது அபூர்வம்.

மான்செஸ்டரின் அட்லஸ்

அதே காலத்தில் பிரிட்டனில் கில்பர்ன் வேறு கேள்வியோடு வேலை செய்துகொண்டிருந்தார். 1948இல், நினைவகத்தில் வைத்த நிரலை முதன்முதலாக ஓட்டிய மான்செஸ்டர் பேபி கணினிக்கு அந்த நிரலை எழுதியவர் இவர். வேகமான காந்த உள்ளக நினைவகம் கொள்ளை விலை. சுழலும் காந்த உருளை மலிவு, ஆனால் மந்தம். இரண்டையும் நிரலாளர் கண்ணுக்கு ஒரே நினைவகமாகக் காட்ட முடியுமா? தகவலை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, தேவைப்படும் பக்கத்தைக் கணினியே உருளையிலிருந்து கொண்டுவரும்படி செய்தார்கள். மெய்நிகர் நினைவகம் என்று இன்று எல்லாக் கணினியிலும், கைபேசியிலும் இருப்பது இதுவே. பல நிரல்களை மேய்த்துக் கட்டிய சூப்பர்வைசர் மென்பொருள், நவீன இயக்க முறைமைகளின் முன்னோடிகளில் ஒன்று. அதை எழுதிய குழுவில் டேவிட் ஹோவர்த் முக்கியமானவர். ஃபெரான்டி நிறுவனத்துடன் சேர்ந்து கட்டிய இந்த அட்லஸ், 1962 டிசம்பர் 7 அன்று திறந்துவைக்கப்பட்டது. அந்த முதல் வகையில் மான்செஸ்டர், லண்டன், சில்டன் ஆகிய இடங்களுக்காக மூன்று பொறிகளே கட்டப்பட்டன. விற்பனையில் சிறியது, செல்வாக்கில் பெரியது.

சிப்பேவா ஃபால்ஸ் ஆய்வுக்கூடம்

செயின்ட் பால் நிறுவனம் கைமாறிக் கைமாறி ஸ்பெரி ராண்ட் என்ற பெருநிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்ததும், வில்லியம் நாரிஸ் தலைமையில் சிலர் வெளியேறி 1957இல் கன்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். கிரேயும் அங்கே வந்தார். அவர் வடிவமைத்த சிடிசி 1604, டிரான்சிஸ்டர்களால் ஆன தொடக்ககாலப் பெருங்கணினிகளில் ஒன்று. முதல் பொறி 1960இல் மான்டரேயின் கடற்படை மேற்படிப்புக் கல்லூரிக்குச் சென்றது. நிறுவனம் வளர வளர, கூட்டங்களும் அறிக்கைகளும் கிரேயை எரிச்சலூட்டின. தலைமையகத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி, தன் சொந்த ஊரில் ஒரு தனி ஆய்வுக்கூடம் வேண்டும் என்றார். நாரிஸ் ஒப்புக்கொண்டார். 1962இல் அது இயங்கத் தொடங்கியது.

அங்கே பிறந்த சிடிசி 6600, மீக்கணினி என்ற பெயருக்கு முழுமையாகப் பொருந்திய முதல் பொறி என்று பலரும் கருதுகிறார்கள். இதன் நுணுக்கங்களை வடிவமைத்ததில் ஜேம்ஸ் தார்ன்டனின் பங்கு கிரேக்கு இணையானது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் போன்றவற்றுக்குத் தனித்தனியாகப் பத்து உறுப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. எந்த உறுப்பு சும்மா இருக்கிறது, எந்த விடைக்காக எது காத்திருக்கிறது என்று பார்த்துக் கட்டளைகளை ஏவியது ஸ்கோர்போர்ட் என்னும் மின்சுற்று. கல்யாணப் பந்தியில் எந்த இலைக்கு எது வேண்டும் என்று சுற்றிவந்து பரிமாறுபவர்களை ஏவும் பந்தி விசாரிப்பவரின் வேலைதான் அதற்கு. உள்ளீடு, வெளியீடு போன்ற சில்லறை வேலைகளைப் பத்து சிறு புறச்செயலிகள் ஏற்றுக்கொண்டதால் மையச் செயலி கணக்கு மட்டுமே பார்த்தது.

காகிதத்தில் அழகாக இருந்த இதைப் பொறியாக்க நான்கு லட்சம் டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. மின்குறி கம்பியில் பயணிக்கவே நேரம் எடுக்கும்; ஒரு நானோவினாடியில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும். அதனால் பெட்டியைக் கூட்டல் குறி வடிவில் கட்டிக் கம்பிகளைச் சுருக்கினார்கள். உறுப்புகளை நெருக்கி அடுக்கினால் வெப்பம் எகிறும். குளிர்சாதனத் துறையிலிருந்து வந்த டீன் ரவுஷ், பெட்டிக்குள் குழாய் இழுத்து ஃபிரியான் என்ற குளிரூட்டியை ஓடவிட்டார். அவர் இல்லாவிட்டால் ஸ்கோர்போர்ட் வெந்து போயிருக்கும் என்பது மிகையல்ல.

6600 வினாடிக்குச் சுமார் 30 லட்சம் கணக்குகள் வரை போட்டது. ஸ்ட்ரெச்சைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 1965இல் ஒன்றை வாங்கியது. 1963 ஆகஸ்டில் இப்பொறி அறிவிக்கப்பட்டதும் வாட்சன் தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அந்த ஆய்வுக்கூடத்தில் துப்புரவுப் பணியாளர் உட்பட 34 பேர்தான். அதில் 14 பேர் பொறியாளர்கள், 4 பேர் நிரலாளர்கள். இத்தனை பெரிய நம் நிறுவனம் எப்படிப் பின்தங்கியது என்பது அதன் சாரம். கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது என்று கிரே சொன்னதாகக் கூறுவார்கள்.

ஐபிஎம்மில் மறைந்துகிடந்த வேலை

சிறு குழுவே எப்போதும் வெல்லும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பெரிய நிறுவனத்துக்குள்ளும் சிந்தனை இருந்தது. ஆனால் எல்லாமும் வெளியே வர விடப்படவில்லை. 360 வரிசையின் 91ஆம் மாதிரிக்காக ராபர்ட் டொமாசுலோ உருவாக்கி 1967இல் வெளியிட்ட வழிமுறை, கட்டளைகளை வரிசை மாற்றித் தயாரானதை முதலில் செய்ய வழிசெய்தது. கலிஃபோர்னியாவில் ஜான் காக் போன்றோர் ஈடுபட்ட ஏசிஎஸ் என்ற திட்டத்தில், ஒரே சுற்றில் பல கட்டளைகளை வரிசை மாற்றி ஏவும் முறையைக் கண்டவர் லின் கான்வே. 1968இல் அவர் ஆணிலிருந்து பெண்ணாக மாறும் முடிவைத் தெரிவித்தபோது நிறுவனம் அவரை வேலையைவிட்டு நீக்கியது. திட்டமும் 1969இல் கைவிடப்பட்டது. கான்வே பின்னாளில் சில்லு வடிவமைப்பு முறையையே மாற்றியமைத்தவராகப் புகழ்பெற்றார். ஐபிஎம் 2020இல்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. டன்வெலுக்குச் சில ஆண்டுகளில் கிடைத்த நீதி இவருக்குக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒன்றா, பலவா

ஒரு செயலியை வேகமாக்குவதைவிடப் பல செயலிகளைச் சேர்த்து ஓட்டலாமே என்றார் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்லாட்னிக். அவருடைய இலியாக் 4 திட்டத்தில் 256 செயலிகள் ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட்டு வெவ்வேறு எண்களில் வேலை செய்வதாக இருந்தது. இதை ஏற்காத ஜீன் அம்தால் 1967இல் ஒரு மாநாட்டில் எளிய வாதம் ஒன்றை வைத்தார். கணக்கில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால், எத்தனை செயலி சேர்த்தாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. அம்தால் விதி என்று இன்றும் பாடநூல்களில் இருப்பது இதுவே.

இலியாக் பொறிக்கு வேறு துன்பங்களும் வந்தன. செலவு 80 லட்சம் டாலரிலிருந்து 3 கோடியைத் தாண்டியது. 64 செயலிகளோடு நிறுத்தினார்கள். ராணுவப் பணத்தில் நடந்த திட்டம் என்பதால் வியட்நாம் போர்க்கால மாணவர்கள் 1970இல் கிளர்ந்தெழுந்தார்கள். பொறியை நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது. 1975 வாக்கில்தான் அது ஒழுங்காக ஓடியது. ஆனாலும் இன்றைய மீக்கணினிகள் ஆயிரக்கணக்கான செயலிகளால் ஆனவை. ஸ்லாட்னிக்கின் பிழை, இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டதுதான்.

கிரே-1

6600க்கு அடுத்ததாக 1969இல் கிரேயின் சிடிசி 7600 வந்தது. அடுத்த 8600 வெப்பத்திலும் பழுதிலும் மூழ்கியது. கன்ட்ரோல் டேட்டாவின் பணம் தார்ன்டனின் ஸ்டார்-100 திட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்ததால், கிரே 1972இல் பிரிந்து கிரே ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்களை நீண்ட வரிசைகளாக, வெக்டர்களாக, ஒரே கட்டளையில் கையாளும் எண்ணம் ஸ்டார்-100இல் முன்பே இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் மந்தமான நினைவகத்திலிருந்தே எண்களை எடுத்தது. தனி எண் கணக்குகளில் தடுமாறியது. அம்தால் சொன்ன பத்தில் ஒரு பங்கு அதன் காலை வாரிவிட்டது. கிரே இந்தப் பாடத்தைக் கவனித்தார். செயலிக்குள்ளேயே ஒவ்வொன்றும் 64 எண்கள் கொள்ளும் எட்டு வெக்டர் பதிவகங்களை வைத்தார். தனி எண் கணக்கையும் வேகமாக்கினார்.

1976இல் முதல் பொறி ஆறு மாதச் சோதனைக்காக இலவசமாக லாஸ் அலமோஸ் சென்றது. உச்ச வேகம் வினாடிக்கு 16 கோடி கணக்குகள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து சி போன்ற அந்தக் கோபுரத்தில் எந்தக் கம்பியும் நான்கு அடியைத் தாண்டவில்லை. மின்குறிகள் ஒரே கணத்தில் வந்து சேர, கம்பிகளை அளந்து வெட்டிக் கையால் பொருத்தினார்கள். பெரும்பாலும் சிப்பேவா ஃபால்ஸ் பெண்களே இந்த வேலையைச் செய்தார்கள். ஃபிரியானோடு கலந்த எண்ணெய் கசிந்து மின்பலகைகளில் படிந்ததால் முதல் பொறி ஆறு மாதம் தாமதமானது. குழாய்களைப் பற்றவைக்கப் புதிய முறை கண்ட பிறகே சிக்கல் தீர்ந்தது. லாஸ் அலமோஸில் நினைவகப் பிழைகள் தலைகாட்டவே, அடுத்த பொறிகளில் பிழைதிருத்தும் சுற்று சேர்க்கப்பட்டது. இந்த நடைமுறை வேலைகளையெல்லாம் கட்டிக்காத்தவர் தலைமைப் பொறியாளர் லெஸ் டேவிஸ். கிரே யோசித்ததை ஓடும் பொறியாக்கியவர் என்று அவரைச் சொன்னால் பொருந்தும். வானிலை ஆய்வு மையமான என்கார் 1977இல் 88 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து ஒன்றை வாங்கியது. பின்னர் எண்பதுக்கும் அதிகமாக விற்றது.

பிந்தைய காலம்

1982இல் ஸ்டீவ் சென் தலைமையில் வந்த கிரே எக்ஸ்-எம்பி, இரண்டு செயலிகளை ஒரே நினைவகத்தோடு இணைத்தது. 1985இல் வந்த கிரே-2, மின்கடத்தாத திரவத்தில் முழுவதுமாக அமிழ்ந்திருந்தது. அதன் பிறகு காலியம் ஆர்செனைடு சில்லுகளை நம்பித் தனி நிறுவனம் கண்ட கிரே 1995இல் அதைத் திவாலாகக் கண்டார். மலிவான நுண்செயலிகளைக் கூட்டமாகச் சேர்த்த பொறிகள் சந்தையைப் பிடித்துவிட்டிருந்தன.

இந்தியாவும் இந்தப் பொறிகளை அறியும். கிரேயின் 1604 மரபில் வந்த சிடிசி 3600, 1964இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. 1980களின் இறுதியில் பருவமழைக் கணிப்புக்காகப் புது தில்லிக்கு ஓர் எக்ஸ்-எம்பி கிடைத்தது. அமெரிக்கா விதித்த ஏற்றுமதித் தடைகள் 1988இல் புணேயில் சி-டாக் நிறுவனம் பிறக்கக் காரணமாயின. 1991இல் அது பரம் 8000 கணினியை வெளியிட்டது.

கார் விபத்தில் காயமுற்ற கிரே 1996 அக்டோபர் 5 அன்று காலமானார். அவர் பெயரில் ஐஇஇஇ கணினிச் சங்கம் ஒரு விருதை நிறுவியது. 1999இல் அதை முதலில் பெற்றவர், ஸ்ட்ரெச்சிலும் ஏசிஎஸ்ஸிலும் பணியாற்றிய ஐபிஎம்மின் ஜான் காக்.