தேய்ந்த முகங்கள்

லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தொடங்கி ஐரோப்பா, அமெரிக்காவின் பல சேகரிப்புகளில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் உயரமுள்ள மரப்பாவைகள் இருக்கின்றன. நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பெனின் நாட்டிலும் வாழும் யொரூபா மக்களுடையவை. எரே இபெஜி என்பது பெயர். எரே என்றால் உருவம், இபெஜி என்றால் இரட்டைப்பேறு. பல பாவைகளில் மூக்கும் உதடும் கூழாங்கல்போல வழவழத்துப் போயிருக்கின்றன. தாய்மார் கழுவிக் கழுவித் தேய்ந்த முகங்கள் அவை.

உலகிலேயே இரட்டையர் மிக அதிகமாகப் பிறக்கும் சமூகங்களில் யொரூபா ஒன்று. 1960, 70களில் எடுத்த கணக்குகளில் 1,000 பிரசவங்களுக்கு 40க்கும் மேல் இரட்டைப் பிரசவங்கள். எடை குறைந்து பிறக்கும் இந்தப் பிள்ளைகளில் இறப்பும் அதிகம். இருவருக்கும் உயிர் ஒன்றே என்பது நம்பிக்கை. ஒன்று போய்விட்டால் மற்றதையும் கூடவே அழைத்துக்கொள்ளும். எனவே பெற்றோர் பாபலாவோ எனப்படும் குறி சொல்பவரிடம் போவார்கள், அவர் சொற்படி தச்சரிடம் பாவை செதுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வேலை முழுவதும் தாயுடையது. குளிப்பாட்டுவாள். காம்வுட் மரத்தின் சிவந்த தூளை உடம்பில் பூசுவாள். காராமணியும் பனையெண்ணெயும் ஊட்டுவாள். சோழியும் மணியும் கட்டி, உயிரோடிருக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது இதையும் சேலைபோல் சுற்றிய துணிக்குள் செருகிக்கொள்வாள். கூந்தலுக்கு அவுரி நீலம். பிறகு துணி வெளுக்க வந்த ரெக்கிட் கம்பெனி நீலமும் அந்தக் கூந்தலில் ஏறியது. காலனியச் சரக்கைப் பெண்கள் எதற்கெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்று தனியாகவே எழுதலாம்.

இறந்தது கைக்குழந்தை. பாவைக்கோ வளர்ந்த உடல், குலத்தின் கன்னக்கீறல், முழுமையான சிகையலங்காரம். வாழாத வயது செதுக்கப்பட்டிருக்கிறது.

இதைத் தமிழில் எழுதும்போது எனக்கு ஓர் இடறல். பாவையை ‘அது’ என்பதா, ‘அவள்’ என்பதா? யொரூபாவில் அவன், அவள் என்ற பிரிவே இல்லை. படர்க்கை ஒருமைக்கு ஒரே சொல். உடன்பிறந்தாரில் எக்பொன் மூத்தவர், அபூரோ இளையவர், அவ்வளவுதான். அண்ணனா அக்காவா என்பதைப் பெயர் சொல்லாது. ஒயெரோன்கே ஒயெவுமி 1997இல் வெளியிட்ட ‘பெண் என்ற கண்டுபிடிப்பு’ என்ற ஆங்கில நூலில், யொரூபா சமூகத்தை அடுக்கியது பால் அல்ல, மூப்புதான் என்று வாதிட்டார். இரட்டையர் பெயர்களும் அப்படியே. முதலில் வெளிவருவது தைவோ, பின்னால் வருவது கெஹிந்தே; ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கெஹிந்தேதான் மூத்தது, உலகம் எப்படியிருக்கிறது பார்த்துவா என்று தைவோவை முன்னால் அனுப்பியது என்பார்கள். ஆனாலும் பாவையின் மேனியில் பால் அடையாளம் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. தாலாட்டுபவள் எப்போதும் தாய்தான். ஒயெவுமியை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் வரும் இடம் இது.

1830இல் நைஜர் ஆற்றைத் தேடி இந்தப் பகுதி வழியாகப் போன ரிச்சர்ட் லாண்டர், பிள்ளையை இழந்த பெண்கள் சிறு மர உருவங்களைச் சுமந்து போவதைக் கண்டு எழுதினார். ஒன்றையாவது வாங்கிவிடப் பார்த்தார். ஒருத்தியும் தர இசையவில்லை. அவருடைய குறிப்பில் அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை, மறுப்பு மட்டும் இருக்கிறது.

சுமார் 140 வருடம் கழித்து ஐரோப்பியச் சந்தையில் பாவைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கிறித்தவமும் இஸ்லாமும் பரவியது, 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போர், கலைப்பொருள் வியாபாரிகளின் தேடல் எல்லாம் சேர்ந்த விளைவு. சிகையையும் கீறலையும் வைத்து இது ஓயோ, இது அபெயோகுட்டா என்று நிபுணர்கள் ஊரைக் கண்டுபிடிப்பார்கள். தச்சர் யார் என்றுகூடச் சில சமயம் சொல்லிவிடுவார்கள். கழுவியவளை யாரும் தேடுவதில்லை. அவள் விரல்களால் ஏறிய மெருகுக்குச் சந்தை வைத்த பெயர் ‘பட்டினா’. அது இருந்தால் விலை கூடும். ஒருத்தி பல வருடம் செய்த வேலையை மரத்தின் குணமாக எழுதி விற்கும் இந்த வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. உளி பட்டது சில நாள். அந்த முகத்தை இன்றிருக்கும் வடிவுக்குக் கொண்டுவந்தது அவள் கை.

இதை வெறும் தாயன்பாக வாசிக்கவும் நான் தயாரில்லை. பாவையைப் பட்டினி போட்டால் மிஞ்சிய பிள்ளைக்கு ஆபத்து என்ற அச்சம் அவள் தலைமேல் இருந்தது. துக்கத்துக்கு ஒரு வடிவம் கிடைத்தது. அதோடு முடியாத ஒரு வேலையும் வந்தது. அதேசமயம் இரட்டையரின் தாய்க்குச் சந்தையில் ஆடிப் பாடிக் காசு பெறும் உரிமை இருந்தது. பார்த்தவர்கள் கொடுத்தாக வேண்டும். அச்சம், வருமானம், ஏக்கம் எல்லாம் ஒரே துணிமடிப்பில் இருந்தன.

1970களில் மேரிலின் ஹோல்பெர்க் அங்கே களஆய்வு செய்தபோது சில தாய்மார் மரத்துக்குப் பதில் கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஸ்டுடியோக்காரரும் உதவிக்கு வந்தார். மிஞ்சிய பிள்ளையை ஒருமுறை படமெடுத்து, அதே நெகட்டிவை ஒரே தாளில் இருமுறை அச்சடித்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இறந்தது பையன், மிஞ்சியது பெண் என்றால் அவளை இருமுறை உட்காரவைப்பார்கள், ஒருமுறை பாவாடையில், ஒருமுறை அவன் போட்டிருக்கக்கூடிய சட்டையில்.