வினாவும் சொல்வரிசையும்: தமிழ் மாணவரின் ஆங்கில வினாத்தொடர் – ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்வழிப் பயின்ற மாணவர் ஆங்கிலத்தில் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என வினவும்போது ஆசிரியரின் சிவப்பு மை அதனைப் பிழையெனச் சுழிக்கிறது. அது கவனக்குறைவால் நேர்வதன்று. வேறுபட்ட இரு வினா மரபுகள் சந்திப்பதால் நேர்வது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ என்னும் மூன்றனையும் வினாவெழுத்துகளாகக் கூறும். நன்னூல் எ, யா என்பனவற்றையும் சேர்த்து ஐந்தாக்கி, அவை சொல்லின் முதலிலும் ஈற்றிலும் நிற்குமாற்றை வரையறுத்தது. இவ்விதிகளின்படி வினாப்பொருளைத் தருவது எழுத்தே. அதற்காகச் சொற்கள் இடம்மாற வேண்டுவதில்லை. ஈற்றில் சேரும் ஆகாரம் ஐயம் எங்குள்ளது என்பதையும் காட்டிவிடுகிறது. ‘முருகன் நேற்று மாத்தூருக்குப் போனானா?’ என்பது செயல் நிகழ்ந்ததா என வினவுகிறது, ‘மாத்தூருக்கா போனான்?’ என்பது இடத்தை வினவுகிறது. ‘நேற்றா’, ‘முருகனா’ என்னும்போது ஐயம் காலத்துக்கும் ஆளுக்கும் நகர்கிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் குரலழுத்தமோ வேறொரு தொடரமைப்போ தாங்க வேண்டியுள்ளது.

ஆங்கில வினாவும் என்றும் ஒரே வடிவில் இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் முதன்மை வினையே எழுவாய்க்கு முன் வந்தது: ‘கேம் ஹி?’ என்பது போல. ‘டூ’ என்னும் துணைவினை வினாத்தொடர்களில் பெருமளவு பரவியது பதினாறாம் நூற்றாண்டில்தான். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரு வடிவங்களும் அருகருகே வருகின்றன. சுவீடிய அறிஞர் அல்வார் எல்லேகார்ட் 1953இல் வெளியிட்ட ஆய்வு இப்பரவலைக் காலப்பகுதி வாரியாகக் கணக்கிட்டுக் காட்டியது. என்றுமுள்ள விதிபோல் இன்று கற்பிக்கப்படும் ‘டிட் ஹி கம்?’ என்னும் அமைப்பு பொதுவழக்கானது நன்னூலுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னரே என்பது கருதத்தக்கது.

இந்த வரலாறு வகுப்பறையை எட்டவில்லை. 1950களில் சென்னை மாநிலம் அமைப்புவழிக் கற்பித்தலை ஏற்றது. தொடரமைப்புகளைத் தரப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் நாவுக்குப் பழக்குவது அதன் நெறி. தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்த திட்டம் ‘மெட்ராஸ் பனிப்பந்து’ எனப் பெயர்பெற்றது. பயிற்சி பெற்றோர் பிறரைப் பயிற்ற, உருளும் பனிப்பந்துபோல் எண்ணிக்கை பெருகும் என்பது அப்பெயரின் கருத்து. (பனியே காணாத ஊருக்கு இப்பெயர் வாய்த்தது விந்தையே.) திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி சரியான தொடரைத் தரவல்லது. ஆனால் ஒரு மொழி எழுத்தைச் சேர்த்தும் மற்றொன்று சொல்லை இடம்மாற்றியும் வினவுவது ஏன் என்னும் ஒப்பீட்டுக்கு அதில் இடம் குறைவு.

அவ்வொப்பீடு இல்லாதவிடத்து மாணவரின் தொடர் வெறும் பிழையாகவே தோன்றும். உண்மையில் ‘ஐ நோ வேர் யூ ஆர் கோயிங்’ என்னும் தொடரில் அதே சொல்வரிசை முற்றிலும் சரியானது; ஆங்கிலம் நேர்வினாவில் மட்டுமே துணைவினையை முன்னே நகர்த்துகிறது. தமிழில் ‘நீ எங்கே போகிறாய்?’ என்பதும் ‘நீ எங்கே போகிறாய் என்று தெரியும்’ என்பதும் ஒரே வரிசையின. மாணவர் செய்தது, தாய்மொழியில் உள்ளவாறே ஒரு வரிசையை ஈரிடத்துக்கும் பொதுவாக்கியதுதான்.