காஞ்சிபுரத்துக் குழந்தையும் கல்லீரல் மருத்துவமும்

1998-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு திருப்புமுனை. அந்த வருடம் செப்டம்பரில்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் சான்ட்ரோ கார்கள் விற்பனைக்கு வந்தன. அதே வருடம், அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தது.

பிறவியிலேயே பித்த நாளம் அடைபட்ட நோய் அது. பித்தம் குடலுக்குப் போக வழியின்றிக் கல்லீரலிலேயே தேங்கும். கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவிடும். ஜப்பானிய மருத்துவர் கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவை சிகிச்சை சிலருக்கே பலன் தரும். மற்றவர்களுக்கு மாற்றுக் கல்லீரல்தான் வழி!

அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்சல் 1963-ல் முதன்முதலாக இதை முயன்றார். ஆரம்பத்தில் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகே நம்பிக்கை பிறந்தது. இந்தியாவில் 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தும் வெற்றி கிட்டவில்லை.

1998 நவம்பர் 15. டெல்லி அப்போலோ மருத்துவமனையில், தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி அந்தக் காஞ்சிபுரத்துக் குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. வெட்டினாலும் மீண்டும் வளரும் உறுப்பு கல்லீரல். தந்தையும் நலம், குழந்தையும் நலம். குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்றில் இந்தியாவின் முதல் வெற்றி இதுவே. அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவரானது குறிப்பிடத்தக்கது.

ஆனால் எல்லோராலும் டெல்லி போக முடியுமா? அத்தனை பணத்துக்கு எங்கே போவது? பதில் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 2008-ல் தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் திட்டத்தை ஏற்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்தனர். தமிழகமே கண் கலங்கியது. பின்னர் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஏழைகளுக்கும் கல்லீரல் மாற்று சாத்தியமானது.

இருப்பினும் மாற்று என்பது கடைசிப் படி. அதன் பிறகும் ஆயுள் முழுக்க மாத்திரையும் பரிசோதனையும் உண்டு. நாள்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர்க்குத் தேவை அதற்கு முந்தைய கவனிப்பு: மதுவை விடுவது, வயிற்றில் நீர் கோர்த்தால் உப்பைக் குறைப்பது, தவறாத பரிசோதனை. ஹெபடைடிஸ் பி, சி நோய்களுக்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அன்று டெல்லி வரை போக வேண்டியிருந்தது. இன்று முதல் ரத்தப் பரிசோதனைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை வரை போனால் போதும். அதைத் தள்ளிப் போடாமல் இருப்பதே முக்கியம்.