இசை நாடகங்களில் பாட்டுத் தேர்வு: நந்தனார் சரித்திரம் முதல் பாலர் சபைகள் வரை

முன்னுரை

பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் சிதம்பரத்தின் மார்கழித் திருவாதிரையும் பெரும்பாலும் ஒட்டியே வருகின்றன. குறிஞ்சிப்பாடி, வடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அந்த நாட்களில் ஓர் இசை நாடகம் போட நினைக்கும் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரக்கூடிய கதை நந்தனாருடையது. கதை முடிவானதும் அடுத்த கேள்வி எழும். யார் எந்த வேடம்? அதைத் தீர்மானிக்க ஒவ்வொருவரையும் எந்தப் பாட்டைப் பாடச் சொல்வது?

இது புதிய கேள்வி அன்று. தமிழ் இசை நாடகம் நூறாண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை தேடியிருக்கிறது. பாடுபவரின் திறமையைக் காட்டும் பாட்டு வேறு, அவர் ஏற்கப்போகும் வேடத்துக்கு அவர் பொருந்துவாரா என்று காட்டும் பாட்டு வேறு. இந்த வேறுபாட்டை அறிந்த குழுக்கள் நல்ல நடிகர்களை உருவாக்கின.

முகத்துக்கு முன் குரல்

கடலூர் மாவட்டம் தெருக்கூத்து வழங்கும் பகுதிகளுள் ஒன்று. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து இரவு முழுவதும் நடக்கும். முக்கியமான வேடதாரி நேராக அரங்குக்குள் வந்துவிடுவதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, தான் யார் என்பதைப் பாட்டாகச் சொல்வார். பிறகே திரை விலகும்.

துரியோதனனா, கர்ணனா, திரௌபதியா என்பது முகம் தெரிவதற்கு முன்பே குரலில் தெரிந்துவிட வேண்டும். ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த மரபில் இதற்கு இன்னும் கூடுதல் தேவை இருந்தது. குரல்தான் வேடத்தின் முதல் ஒப்பனை என்ற எண்ணம் இங்கிருந்தே தொடங்குகிறது.

நந்தனார் சரித்திரத்தின் இரண்டு குரல்கள்

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் நாயனார் வரலாறு சுருக்கமாகவே உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை விரித்து நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். நந்தனாரை வேலைக்கு வைத்திருக்கும் வேதியர் என்னும் பாத்திரம் சேக்கிழார் நூலில் இல்லை. அது பாரதியார் சேர்த்தது. தில்லைக்குப் போக விடை கேட்டுக் கெஞ்சும் பண்ணையாள், விடை தர மறுக்கும் நிலவுடைமையாளர் என்ற மோதல் இதனால் உருவானது. கதைக்கு நாடகத் தன்மை வந்தது இந்த மோதலால்தான்.

இந்நூல் முதலில் ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் பாடும் கதாகாலட்சேபத்துக்கு உரியதாக இருந்தது. பின்னர் நாடகக் குழுக்கள் மேடையேற்றியபோது வேடங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. இதில் கீர்த்தனைகளோடு விருத்தம், நொண்டிச் சிந்து, கண்ணி போன்ற பல வடிவங்கள் உள்ளன. நந்தனார் பாடுபவருக்குத் தாளமில்லாமல் நீண்டு ஒலிக்கும் விருத்தமும் வர வேண்டும், நாட்டுப்புற நடையில் துள்ளும் சிந்தும் வர வேண்டும். வேதியர் பாடுபவருக்கு அதட்டும் குரல் வேண்டும். பின்பு அதே குரல் உடைந்து உருகவும் வேண்டும். வித்துவத்தைக் காட்டும் கீர்த்தனை ஒன்றை மட்டும் கேட்டு இவர்களைத் தேர்ந்துவிட முடியாது.

பாலர் சபைகளில் குரல் சோதனை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர்களை மட்டும் கொண்ட நாடகக் குழுக்கள் பெருகின. மக்கள் வழக்கில் இவை பாய்ஸ் கம்பெனி எனப்பட்டன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றவர்கள் அதில்தான் சேர்ந்தனர். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார்கள்.

குழுவில் சேரவரும் பையனிடம் பாடச் சொல்லிக் கேட்பதே முதல் சோதனை. குரலைப் பொறுத்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாலபார்ட் என்று வேடம் முடிவாகும். வறுமையில் வாடிய குடும்பங்களுக்கு இந்தச் சோதனை பெரிய விஷயம். பையனுக்குச் சோறும் துணியும் தொழிலும் கிடைக்குமா என்பது சில நிமிடப் பாட்டில் தீர்ந்தது.

கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்தில் அவள் பிள்ளைகளுள் ஒருவனாக முதலில் நடித்தார். அது பசியில் வாடும் குழந்தையின் வேடம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலைக் கண்டறிந்த எஃப்.ஜி. நடேச ஐயர், திருச்சி ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் அவரை லோகிதாசனாக்கினார். அதுவும் துன்பப்படும் சிறுவன் வேடமே. இருவரும் பிற்காலத்தில் பெரும் பாடகர்களாக விளங்கினார்கள். ஆனால் அவர்களுக்கு முதலில் தரப்பட்டவை அவர்கள் வயதுக்கும் குரலுக்கும் இயல்பாகப் பொருந்திய வேடங்கள்.

கட்டையும் மகரக்கட்டும்

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிப்பது நாடக மேடையின் வழக்கம். ஒரு கட்டை என்பது தாழ்ந்த சுருதி. ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்பவை உயர்ந்த சுருதிகள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். ஆகவே உச்சக் குரலுக்கு மதிப்பு மிகுந்திருந்தது. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) அத்தகைய குரலால் மேடையை ஆண்டவர்.

சிறுவர்களின் குரல் இயல்பாகவே உயர்ந்தது. பாலர் சபைகளின் வெற்றிக்கு அது ஒரு காரணம். அவற்றின் ஆபத்தும் அதிலேயே இருந்தது. பதின்பருவத்தில் குரல் உடையும். இதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். நேற்றுவரை கதாநாயகனாகப் பாடியவன் இன்று மேல்ஸ்தாயியைத் தொட முடியாமல் தவிப்பான். வேடம் கைமாறும், வரும்படி குறையும். சிலர் பேச்சு மிகுந்த வேடங்களுக்கோ நகைச்சுவைக்கோ மாறினார்கள். சிலர் நாடகத்தையே விட்டுப் போனார்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். பழைய பாட்டு புதிய குரலுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே.

குரலுக்காக எழுந்த நாடகம்

சங்கரதாஸ் சுவாமிகள் மறுவழியையும் காட்டினார். சிறுவன் டி.கே. சண்முகம் முக்கிய வேடம் ஏற்பதற்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தி நாடக வரலாற்றில் புகழ்பெற்றது. கையில் இருக்கும் பாட்டுக்கு ஆளைத் தேடுவதே வழக்கமாக இருக்க, இங்கு கையில் இருக்கும் பையனுக்காகப் பாட்டு பிறந்தது. சுவாமிகள் வாத்தியாராக இருந்து ஒவ்வொரு சிறுவனின் குரலையும் நாள்தோறும் கேட்டவர் என்பதால் இது இயன்றது.

ஸ்பெஷல் நாடகம்

நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து ஓர் இரவுக்கு மட்டும் கூட்டிவரும் முறை ஸ்பெஷல் நாடகம் எனப்பட்டது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளின் கோயில் விழாக்களில் இன்றும் இது நடக்கிறது. வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையின்றி மேடையேறுவார்கள். பாட்டுகளும் அவற்றின் வரிசையும் எல்லாருக்கும் தெரிந்திருப்பதே அவர்களை இணைக்கிறது. அபூர்வமான பாட்டைவிட எல்லாரும் அறிந்த பாட்டுக்கு இங்கே பயன் அதிகம். தெரிந்த பாட்டில்தான் பாடுபவரின் தனித்தன்மை உடனே புலப்படும்.

திரையில் இரண்டு நந்தனார்கள்

1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். வேதியர், கர்நாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் பாத்திரத்துக்குப் பெண்ணைத் தேர்ந்தது நாடக மேடைக்குப் புதிதன்று. உருவத்துக்கு முன் குரலைப் பார்த்த மரபின் தொடர்ச்சி அது.

1942இல் ஜெமினி எடுத்த நந்தனார் படத்தில் அவ்வேடம் எம்.எம். தண்டபாணி தேசிகருக்குக் கிடைத்தது. தேவாரப் பயிற்சியில் ஊறிய குரல் அவருடையது. பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். சுந்தராம்பாளின் நாடகக் குரலும் தேசிகரின் ஓதுவார் மரபுக் குரலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே வேடத்துக்கு இரண்டும் பொருந்தின. இருவரும் தத்தம் குரலில் பாடினார்களே தவிர வேறொருவரின் சாயலைத் தேடவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து பள்ளி, கல்லூரி நாடகக் குழுக்கள் சில நடைமுறைகளைப் பெறலாம்.

1. பாடவருபவர் முதலில் சுருதிப்பெட்டி இல்லாமல் இயல்பாகப் பாடட்டும். அவருக்கு வசதியான கட்டை எது என்று கண்டபின் சுருதி சேர்க்கலாம்.

2. ஒவ்வொருவரும் இரண்டு சிறு பகுதிகள் பாடட்டும். ஒன்று விருத்தம், மற்றொன்று சிந்து. முதலாவது குரலின் உருக்கத்தையும் சொல் தெளிவையும் காட்டும். இரண்டாவது தாளத்தையும் மூச்சையும் காட்டும்.

3. பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல் இரண்டு வரி வசனம் பேசச் சொல்ல வேண்டும். பாடும்போது நந்தனாராக இருந்தவர் பேசும்போதும் நந்தனாராக இருக்கிறாரா என்பது அப்போது தெரியும்.

4. புகழ்பெற்ற பாடகரின் பதிவை அப்படியே பாடுபவரிடம், அதே பாட்டைப் பாதி சுருதி குறைத்துப் பாடச் சொல்லலாம். அவருடைய சொந்தக் குரல் அங்கே வெளிப்படும்.

5. குரல் உடையும் பருவத்தில் உள்ள மாணவரை ஒதுக்கக் கூடாது. உச்சஸ்தாயி தேவையில்லாத பாட்டைத் தரலாம். நந்தனார் கதையில் அதட்டும் வேதியருக்கு அந்தக் கரகரப்பே அழகாக அமையக்கூடும்.

முடிவுரை

தேர்வுக்கான பாட்டு பாடுபவரை வடிகட்டி வெளியேற்றும் கருவி மட்டும் அன்று. அவருக்குரிய இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் அதுவே. பாலர் சபைகள் பல சிறுவர்களை மேதைகளாக்கின. மகரக்கட்டு வந்தபோது பலரைக் கைவிடவும் செய்தன. முதலாவதைப் பின்பற்றி இரண்டாவதைத் தவிர்ப்பது இன்றைய குழுக்களால் முடியும். ஒரே இரவில் ஒரு சிறுவனுக்காக நாடகம் எழுதிய சுவாமிகளைப் போல எல்லாராலும் எழுத இயலாது. ஒரு மாணவருக்காகப் பாட்டைச் சற்று மாற்றிக் கொடுக்க யாராலும் இயலும்.