மாயா பஜார் (1957)

மாயா பஜார், மகாபாரதத்தை ஒட்டி வழங்கிய கிளைக்கதை ஒன்றைக் கொண்டு சென்னையில் எடுக்கப்பட்ட மாயாஜால இசைப்படம். இயக்கியவர் கே. வி. ரெட்டி, தயாரித்தவர்கள் விஜயா நிறுவனத்தின் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும். தெலுங்குப் பதிப்பு 1957 மார்ச் 27 அன்றும் தமிழ்ப் பதிப்பு ஏப்ரல் 12 அன்றும் திரைக்கு வந்தன. தெலுங்கர்கள் தங்கள் சினிமாவின் உச்சம் என்று இதைக் கொண்டாடுவது முற்றிலும் நியாயம். ஆனால் இது சென்னையின் படமும்கூட. அதன் நிலாக் காட்சியில் ஓடும் தண்ணீர் வடசென்னை எண்ணூரின் தண்ணீர்.

பலராமன் மகள் வத்சலாவும் (தெலுங்கில் சசிரேகை) அர்ச்சுனன் மகன் அபிமன்யுவும் சிறுவயது முதலே ஒருவருக்கொருவர் என்று இருந்தவர்கள். பாண்டவர்கள் சூதில் எல்லாவற்றையும் இழந்ததும் பெண்வீட்டார் மனம் மாறுகிறது. துரியோதனன் மகன் லட்சுமணகுமாரனுக்கு வத்சலாவைப் பேசி முடிக்கிறார்கள். கிருஷ்ணனின் யோசனைப்படி கடோத்கசன் அவளைக் கடத்திக்கொண்டு போய், அவள் உருவத்தில் தானே மணப்பெண்ணாக வந்து அமர்கிறான். மாப்பிள்ளை வீட்டாருக்காக அவனுடைய ஆட்கள் எழுப்பும் மாயக் கடைத்தெருதான் படத்தின் பெயர். வியாசர் இந்தக் கல்யாணத்தைச் சொல்லவில்லை. மக்களும் மேடைக் கலைஞர்களும் வளர்த்த கதை இது. பாண்டவர் பிள்ளையின் கல்யாணம் பற்றிய படத்தில் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை. திரைக்கதையில் இருந்த துணிச்சலுக்குச் சான்றாக இது ஒன்றே போதும்.

மௌனப்பட நாட்களிலேயே இந்தக் கதை சினிமாவுக்கு வந்துவிட்டது. 1935இல் ஆர். பத்மநாபன் தமிழிலும், 1936இல் பி. வி. தாஸ் தெலுங்கிலும் எடுத்தார்கள். கே. வி. ரெட்டிக்கும் மாயாஜாலம் புதிதல்ல. 1951இல் அவர் எடுத்த ‘பாதாள பைரவி’ இரு மொழியிலும் பெருவெற்றி பெற்றிருந்தது. ‘அம்புலிமாமா’ இதழைக் குழந்தைகளுக்குத் தந்ததும் இதே நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான்.

படம் வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். சென்னை யாருக்கு என்ற சண்டை நடந்து முடிந்து, 1953இல் ஆந்திரம் சென்னை இல்லாமலேயே பிரிந்தது. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அடுத்த சில மாதங்களில் வடபழனி வாகினி ஸ்டூடியோவிலிருந்து ஒரே கதை இரண்டு மொழியில் வெளியே வந்தது. இந்த நகரத்துக்கு அது இயல்பான காரியம். வீணை குப்பையர் அழைக்க, திருவொற்றியூர் வந்த தியாகராஜர் திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகளைத் தெலுங்கில் பாடினார். மின்ட் தெருவில் கிரவுன் தியேட்டரைக் கட்டியவர் தெலுங்கரான ரகுபதி வெங்கையா. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் இரண்டு மொழியும் பேசும் வீடுகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

என். டி. ராமாராவ் கிருஷ்ணன், சாவித்திரி வத்சலா, எஸ். வி. ரங்கராவ் கடோத்கசன், இம்மூவரும் இரு பதிப்புக்கும் பொது. தெலுங்கில் நாகேஸ்வரராவ் ஏற்ற அபிமன்யு தமிழில் ஜெமினி கணேசன். ரேலங்கியின் லட்சுமணகுமாரன் இங்கே தங்கவேலு ஆனார், சகுனியாக நம்பியார் வந்தார்.

நடிப்பில் சிகரம் சாவித்திரி. வத்சலாவின் உடம்புக்குள் கடோத்கசன் புகுந்திருக்கும் காட்சிகளில் அவர் நடையில் முரட்டுத்தனம் வரும், பார்வை அதட்டும். ஆள் வருகிற சத்தம் கேட்டதும் நொடியில் நாணம் திரும்பும். ரங்கராவின் உடல்மொழியை ஒரு பெண் இவ்வளவு துல்லியமாகத் தன்மேல் ஏற்றிக்கொண்ட நடிப்புக்கு இணையாக இந்தியத் திரையில் எதையும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, பின்னாளில் ‘செம்மீன்’ படத்தின் கடலைப் பிடித்தவர். துவாரகை நகரம் கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும் சின்னச் சின்ன வீடுகளாக அடுக்கி விளக்கேற்றிய மாதிரி வடிவம். ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டின் படகுக் காட்சியில் வெளிப்புறப் பகுதி எண்ணூரில் எடுக்கப்பட்டது என்று, படத்தில் உதவி இயக்குநராக இருந்த சிங்கீதம் சீனிவாசராவ் சொல்லியிருக்கிறார். அது சில வினாடிகளே. மற்றதெல்லாம் ஸ்டூடியோவுக்குள் பார்ட்லி விளக்குகளால் உண்டாக்கிய நிலவு.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் அப்போது உல்லாசப் பயணம் போகிற இடமாகவும் இருந்தது. அருகே மோட்டார் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தாலும் அனல்மின் நிலையம் 1970இல்தான் ஓடத் தொடங்கியது. பிறகு சாம்பல் கழிமுகத்தில் படிந்தது; 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு பரவி மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. அந்தச் சில வினாடிகள் இப்போது எண்ணூருக்கான ஆவணமும் ஆகிவிட்டன.

படகுப் பாட்டு உட்பட நான்கு மெட்டுகளைப் போட்டுவிட்டு எஸ். ராஜேஸ்வரராவ் விலகிக்கொள்ள, மற்றவற்றை கண்டசாலா முடித்தார். மோகனத்தில் அமைந்த படகுப் பாட்டைப் பாடியவர்கள் கண்டசாலாவும் பி. லீலாவும். தமிழ்ப் பாடல்களை எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். திருச்சி லோகநாதன் பாடிய ‘கல்யாண சமையல் சாதம்’ இன்றும் கல்யாணப் பந்திகளில் ஒலிக்கிறது. அதில் வரும் சிரிப்பை, 1922இல் சார்லஸ் பென்ரோஸ் இசைத்தட்டில் பாடிய ஆங்கிலச் சிரிப்புப் பாட்டோடு ஒப்பிடுவதும் உண்டு.

2010 ஜனவரியில் ஐதராபாத்தின் கோல்ட்ஸ்டோன் நிறுவனம் தெலுங்குப் பதிப்புக்கு வண்ணமூட்டி வெளியிட்டது. 2013இல் சிஎன்என்-ஐபிஎன் நடத்திய வாக்கெடுப்பில் மாயா பஜார் இந்தியாவின் தலைசிறந்த படமாகத் தேர்வானது. தமிழ்ப் பதிப்புக்கு வண்ணம் தேவையில்லை. தங்கவேலுவும் நம்பியாரும் லோகநாதனும் இருக்கும் அந்தப் பிரதியைக் கறுப்பு வெள்ளையிலேயே கீறலும் இரைச்சலும் நீக்கிச் செப்பனிட்டு, பெரிய திரையில் ஓட்டவேண்டும்.