டி குவர்வேன் நோயின் வரலாறு

டி குவர்வேன் நோய் என்பது கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலியை உண்டாக்கும் தசைநாண் உறை நோயாகும். கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை வழியே செல்கின்றன. அவற்றின் உறைக்குள்ளும், மூட்டுகளின் உட்புறத்தில் இருப்பது போன்ற மெல்லிய சவ்வு உண்டு. அச்சவ்வு சுரக்கும் வழுவழுப்பான நீர் உராய்வைக் குறைக்கிறது. பாதையின் சுவர் தடித்துவிட்டால் நாண்கள் தடையின்றி நகர முடிவதில்லை. துணி பிழியும்போதும் குழந்தையைத் தூக்கும்போதும் வலி எடுக்கிறது.

பெயருக்கு முந்தைய காலம்

உழைப்பால் கை கெடுவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தனர். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1713இல் வெளியிட்ட தொழில்நோய் நூற்பதிப்பில், ஓயாமல் எழுதும் எழுத்தர்களின் கைத்தளர்ச்சியை விவரித்தார். ஆனால் மணிக்கட்டு வலியின் சரியான இடம் நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1893ஆம் ஆண்டின் கிரே உடற்கூற்றியல் நூற்பதிப்பு இதனைச் 'சலவைப் பெண்களின் சுளுக்கு' என்று குறிப்பிட்டது. யாருக்கு வருகிறது என்பதை அப்பெயர் சொன்னது; ஆனால் நோயைச் சுளுக்கு என்றது பிழை. சுளுக்கில் பாதிக்கப்படுவது எலும்புகளைப் பிணைக்கும் இணைப்புநார். இங்கே பாதிக்கப்படுவது தசைநாண் செல்லும் பாதை.

1895ஆம் ஆண்டு அறிக்கை

சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வேன் (1868–1940), கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற லா ஷோ-டி-ஃபோன் நகரில் பணியாற்றினார். 1895இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதி, இந்நோயைத் தனித்து அடையாளம் காட்டினார். நோய் அவர் பெயரைப் பெற்றது. சலவைப் பெண்களின் பெயர் மெல்ல மறைந்தது.

சோதனையில் ஒரு குழப்பம்

கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனை 'ஃபிங்கல்ஸ்டைன் சோதனை' என்று பரவலாக அறியப்படுகிறது. உண்மையில் இது 1927இல் ஐக்ஹாஃப் விவரித்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஹாரி ஃபிங்கல்ஸ்டைன் 1930இல் விவரித்த முறையில், மருத்துவரே நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்துக் கையைச் சாய்க்கிறார். முதல் முறை நோயற்றவர்களுக்கும் வலி தரக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது.

கத்தியிலிருந்து ஊசிக்கு

தொடக்கத்தில், இறுகிய பாதையை அறுவை செய்து திறந்துவிடுவதே முக்கிய வழியாக இருந்தது. கார்ட்டிசோன் ஆய்வுக்காக ஃபிலிப் ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டல், டேடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோர் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். அதன்பின் அவ்வகை மருந்தை உறைக்குள்ளேயே ஊசியால் செலுத்தும் முறை பரவியது. இன்று கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் வைக்கும் பட்டை, ஓய்வு, ஊசி ஆகியவை முதலில் வருகின்றன. இவற்றால் குணமாகாதவர்களுக்கே அறுவை. அப்போதும் அருகில் செல்லும் உணர்நரம்பு காயப்படாமல் காக்க வேண்டும்.

இன்றைய புரிதல்

'உறை அழற்சி' என்ற வழக்கமான பெயரும் முழுமையானதன்று. அறுவையில் எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சியைவிடச் சுவரின் தடிப்பும் திசுச்சிதைவுமே மிகுதியாகத் தெரிந்தன. பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் இந்நோய் அடிக்கடி காணப்படுகிறது. அவர்களின் வலியை இன்றும் சுளுக்கு என்று எண்ணி உருவிவிடுவதுண்டு. ஆனால் இறுகிய பாதையை உருவுதல் அகலமாக்காது. கைக்கு முதலில் வேண்டியது ஓய்வே.